தாடியை எடுக்காமல் கூட்டிப் போகச் சொன்னார்கள்

கடலூர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுக்கும் ஒரு பெரியவர்தான் முதலில் சொன்னார். மனநோய் உள்ள என் தம்பிக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் எழுதி முடித்து, ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், போட்டோ எல்லாவற்றையும் சேர்த்துக் குண்டூசி குத்தி என் கையில் கொடுத்துவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டப் போற அன்னைக்குத் தாடிய எடுக்காதம்மா. அப்படியே கூட்டினு போ. நல்ல சட்டையும் போட்டுவிடாத" என்றார். அதற்குத் தனியாகக் காசு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாசலில் எத்தனையோ பேர் வெறுங்கையோடு திரும்பிப் போவதைப் பார்த்த மனுஷன், அக்கறையில்தான் சொன்னார். அப்புறம் அதே யோசனை வேறு வேறு வாயிலிருந்து வர ஆரம்பித்தது. எதிர்வீட்டு அத்தை, "தலைக்கு எண்ணெய் வைக்காத" என்றார். அரியாங்குப்பத்தில் இருக்கும் பெரியம்மா மகன் ஒரு படி மேலே போய், "ரெண்டு நாள் மாத்திரைய நிறுத்திட்டுக் கூட்டிட்டுப் போ, அப்பதான் தெரியும்" என்றான். தம்பி சாப்பிடுவது குளோசபின் என்கிற மனநோய் மாத்திரை. அதை இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவைத் திரும்பக் கொடுக்கக் கூடாது, ரொம்பக் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். சான்றிதழ் கிடைக்குமோ கிடைக்காதோ, ஆளைக் கொண்டுபோய் வார்டில் சேர்க்க வேண்டியிருக்கும். அவனிடம் அதைச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

மாத்திரை விஷயம் சுலபம், அது முட்டாள்தனம். தாடி விஷயம் அப்படியில்லை. அது ஏமாற்றுவேலை, அசிங்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடிந்தால் இவ்வளவு நாள் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். என்னை உறுத்துவது, நடைமுறையில் அது சரியான யோசனை என்பதுதான்.

தம்பிக்கு மனச்சிதைவு நோய். பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் ஆரம்பித்தது. அந்தக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. முதலில் ஜோசியம், அப்புறம் மந்திரிப்பு, அப்புறம் குணசீலம் கோயில், எல்லாம் முடிந்து கடைசியில் கோரிமேடு ஜிப்மர் என்கிற வரிசை இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஒன்றேதான், வீட்டில் ஒருவர் இப்படி இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாடியை மட்டும் சொல்கிறேன். நோய் முற்றியிருந்த வருடங்களில் பிளேடு, கத்தரிக்கோல், நகவெட்டி எதையும் கிட்டே கொண்டுவர விடமாட்டான். தன் கழுத்தை அறுக்க சலூன்காரருக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பினான். தாடி நெஞ்சுவரை வளர்ந்து, சிக்குப் பிடித்து, பேன் வைத்து, தெருப் பிள்ளைகள் அதற்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். மருந்து மாற்றி மருந்து மாற்றி, குளோசபினில் நிலைத்து, அதற்காக ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தம் கொடுத்து, ஒரு நாள் அவனாகவே "அக்கா, அரிக்குது" என்றான். கம்மியம்பேட்டையில் ஒரு சலூன்காரர் கடை சாத்தும் நேரத்தில் வரச் சொன்னார். கண்ணாடியைத் துண்டால் மூடிவிட்டு, கத்தி எதையும் கண்ணில் காட்டாமல், டிரிம்மரை முதலில் தன் கையில் ஓட்டிக் காட்டிவிட்டு, பாதித் தாடியை மட்டும் எடுத்தார். மீதிக்கு இன்னொரு நாள் வரச் சொன்னார். அந்த மனிதருக்கு எங்கே மனநல வைத்தியம் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. இப்போது ஞாயிற்றுக்கிழமை அம்மா ஞாபகப்படுத்தினால் தம்பியே மழித்துக்கொள்கிறான். ஞாபகப்படுத்தாவிட்டால் இல்லை.

அம்மாவிடம் மனு எழுதுபவர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சான்றிதழுக்காக டாக்டர்கள் பார்க்கிற முகாமுக்குப் போகிற அன்று காலையில் எழுந்து பார்த்தால் வெந்நீர் போட்டு வைத்திருக்கிறார், ஷேவிங் செட் எடுத்து வைத்திருக்கிறார், தீபாவளிக்கு எடுத்த சட்டையை அயர்ன் கடையில் கொடுத்து வாங்கியும் வைத்திருக்கிறார். நானும் தடுக்கவில்லை. இன்றைக்கும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்

சான்றிதழில் மனநோய்க்குப் பாதிப்புச் சதவீதம் எப்படிப் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே தேடிப் படித்திருந்தேன். காலுக்கும் கைக்கும் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் என்று அளக்க வழி இருக்கிறது. மனதுக்கு? இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய ஒரு அளவுகோல் இருக்கிறது, சுருக்கமாக ஐடியாஸ் என்கிறார்கள். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலிலும் அதுதான். தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நம் பரீட்சைக்கு நேர்மாறு, அதிகம் வாங்கினால் அதிகப் பாதிப்பு. நோய் வந்து எத்தனை வருடம் என்பதற்கும் மார்க் உண்டு. 2 வருடத்துக்குள் என்றால் 1, 10 வருடத்தைத் தாண்டினால் 4. ஆக மொத்தம் 20. கூட்டுத்தொகை 7 வந்தால் 40 சதவீதம் தொடங்குகிறது, 13 வரை போனால் 70. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் 'லேசானது', 40க்குக் குறைவு. இந்த 40 என்பது எவ்வளவு பெரிய மதில் என்று உங்களுக்குத் தெரியும். உதவித்தொகை, இடஒதுக்கீடு எல்லாமே அதற்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

இப்போது தம்பியைப் போட்டுப் பாருங்கள். நோய் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று, அதற்கு 4. வேலை என்ற தலைப்பில் ஒரு 2 விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்னான், பேச்சுக்கு 0. வணக்கம் வைத்தான், பழகுவதற்கு 0. மழுங்க மழித்த முகம், அயர்ன் செய்த சட்டை, தன்னைக் கவனித்துக்கொள்வதற்கு 0. மொத்தம் 6, வெள்ளை அட்டை, போய்வாருங்கள். அதே ஆள் தாடியோடு வந்து உட்கார்ந்து, அந்த ஒரு தலைப்பில் ஒரே ஒரு மார்க் கூடியிருந்தால் 7, மஞ்சள் அட்டை. மனு எழுதும் பெரியவர் இந்த அளவுகோலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. வாசலில் உட்கார்ந்து, உள்ளே போனவர்களையும் வெளியே வந்தவர்களையும் பார்த்தே அதன் கணக்கைப் பிடித்துவிட்டார்.

அளவுகோல் மேல் எனக்குக் கோபமில்லை. உண்மையைச் சொன்னால் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். குளிக்கிறாரா என்பதோடு நிறுத்தாமல், அதற்கு எவ்வளவு தூண்ட வேண்டியிருக்கிறது, எவ்வளவு கூடநிற்க வேண்டியிருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. கூட இருக்கும் குடும்பத்தாரையும் கேட்கச் சொல்கிறது, பழைய மருத்துவக் குறிப்புகளையும் பார்க்கச் சொல்கிறது. அதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டால் ஒருவருக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். முகாமில் வெயில் ஏறுவதற்குள் பார்த்து முடிக்க வேண்டிய கூட்டம் எவ்வளவு என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முக்கால் மணி நேரம் இல்லாத இடத்தில் கண்ணுக்குப் படுவதுதான் ஜெயிக்கும்.

மற்ற மேசைகளிலும் இந்த மதில் இருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவருக்கு வெல்டிங் பட்டறையில் துகள் பட்டு ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான், அதற்குமேல் போட டாக்டரால் முடியாது. காதுக்குக் கணக்கு இன்னும் கடுமை. நன்றாகக் கேட்கும் காதின் பாதிப்புச் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மற்றதன் சதவீதத்தை ஒன்றால் பெருக்கி, கூட்டி ஆறால் வகுக்கிறார்கள். ஒரு காது சுத்தமாகக் கேட்காவிட்டாலும் இன்னொன்று சரியாக இருந்தால் 17ஐத் தாண்டாது. அந்த வெல்டருக்கு அவர் சதவீதம் என்ன என்பது முன்பே தெரிந்திருந்தது. "இன்னொன்னும் போனா வரச் சொல்றாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் ஒரு நிம்மதி உண்டு. சட்டையைப் பார்த்து யாரும் 30ஐ 20 ஆக்கிவிட மாட்டார்கள்.

மேசைக்கு முன்னால்

எலும்பு டாக்டர் மேசை, கண் டாக்டர் மேசை, காது மூக்கு தொண்டை, கடைசியில் மனநலம். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. எங்கள் முதுகுக்குப் பின்னால் வரிசை நிற்கிறது, அவர்கள் எல்லோருக்கும் நாங்கள் பேசுவது கேட்கும். டாக்டர் இளவயதுப் பெண், களைத்திருந்தார், ஆனால் எரிந்து விழவில்லை. பெயர் கேட்டார், தேதி கேட்டார், முதலமைச்சர் யார் என்று கேட்டார். தம்பி எல்லாம் சரியாகச் சொன்னான். குரல் கேட்கிறதா என்றார். "இப்ப கம்மி மேடம்." தினமும் குளிக்கிறீர்களா என்றார். "டெய்லி மேடம்." அம்மா பக்கம் திரும்பினார். அம்மா, "சொன்னா குளிச்சிடுவாம்மா, நல்லா இருக்கான், உங்க புண்ணியத்துல ஒரு தொந்தரவும் இல்ல" என்றார்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இத்தனை வருடமாக மருத்துவமனைகளில் இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி வந்திருக்கிறார். அங்கே அதுதான் நல்ல பதில். நல்லா இருக்கான் என்றால் மாத்திரையைக் கூட்ட மாட்டார்கள், அட்மிஷன் என்று சொல்ல மாட்டார்கள், டாக்டரும் சந்தோஷப்படுவார். இங்கே அதே பதில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மார்க்கைக் கழித்துக்கொண்டிருந்தது. டாக்டர்கள் ஒரே மாதிரி இருக்கிறார்கள், மேசை ஒரே மாதிரி இருக்கிறது, கேள்வியும் அதேதான், பதில் மட்டும் தலைகீழாக இருக்க வேண்டும் என்று யாரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரால் முடிந்திருக்காது.

அடுத்து வேலை. "வேலைக்குப் போறீங்களா?"

"போறேன் மேடம். மஞ்சக்குப்பத்துல ஜெராக்ஸ் கடை."

"சம்பளம் எவ்வளவு?"

"வேணாம்னு சொல்லிட்டேன் மேடம்."

டாக்டர் எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க முடியவில்லை. கடை எங்கள் தூரத்து மாமாவுடையது, வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வந்து போகிற இடம். தம்பி காலையில் போவான், ஸ்டூலில் உட்காருவான், சொன்னால் டீ வாங்கி வருவான், மதியத்துக்கு மேல் எழுந்து வந்துவிடுவான். சில நாள் பாதி வழியில் திரும்பிவிடுவான். மாமா அவனை மெஷினை ஓட்ட விடுவதில்லை. இதையெல்லாம் நான் சொல்லியாக வேண்டியிருந்தது, சொன்னேன். "தம்பி அங்க வேலை செய்யல மேடம், உக்காந்துட்டு வருவான்" என்று ஆரம்பித்து, குளிக்க எத்தனை தடவை சொல்ல வேண்டும், மாத்திரையை விழுங்கினானா என்று எப்படிப் பார்க்க வேண்டும், தனியாகப் பஸ்ஸில் விட்டால் என்ன ஆகும் என்று வரிசையாக, எலும்பு டாக்டர் மேசை வரைக்கும் கேட்கிற மாதிரி. பிள்ளைகளை இன்னொரு அம்மாவிடம் குறை சொல்லும்போது ஒரு சலிப்பும் செல்லமும் கலந்து வருமே, அதுகூட இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறிய மாதிரி, தேதியோடு, தெளிவாக. உன்னால் முடியும் என்று அவனிடம் ஓயாமல் சொன்ன வாய் அது.

தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். நான் முடித்ததும் டாக்டரைப் பார்த்து, "அக்கா சொல்றது சரிதான் மேடம். ஆனா வியாழக்கிழமை நான்தான் கடையத் தொறந்தேன்" என்றான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா? எப்படித் தொறந்தீங்க, சொல்லுங்க" என்றார். விசாரிக்கிற தொனியில் இல்லை, நிஜமாகவே கேட்டார். தம்பி சொல்ல ஆரம்பித்தான். விடியறதுக்கு முன்னாடியே மாமா வீட்டில் சாவி வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். ஆட்கள் வருவதற்குள் மெஷின் கண்ணாடியைத் துடைத்துவிட வேண்டுமாம். ஏனென்றால் முதல் நாள் அதன் மேல் வைத்த காகிதங்களில் இருக்கும் பெயர்கள் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும், துடைக்காமல் விட்டால் அடுத்தவன் பத்திரத்தில் போய் ஏறிவிடும், பாவம், கேஸ் மாறிப்போகும். ஈரத் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை, ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக. எனக்கு இது தெரியாது. மாமாவுக்கும் தெரியாது, கடையைச் சுத்தமாக வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். தம்பி பெருமையாகச் சொன்னான், ஒரு பொறுப்பை முடித்தவனின் பெருமை. டாக்டர் இடையில் குறுக்கிடவே இல்லை. வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள், அதையும் அவர் கண்டுகொள்ளவில்லை.

50 சதவீதம் போட்டார். மஞ்சள் அட்டை. மூன்று வருடமோ ஐந்து வருடமோ கழித்து மறுபடி காட்ட வேண்டிய தற்காலிகச் சான்றிதழ்தான், ஆனாலும் மதிலுக்கு அந்தப் பக்கம்.

நான் அடுக்கிய குறைகளால் அந்த 50 வந்ததா, அவன் சொன்ன வியாழக்கிழமையால் வந்ததா? அவன் சொன்னதால்தான் என்று நினைக்கிறேன். செய்கிறாரா இல்லையா என்ற கேள்விக்கு அவனுடைய பதில் 'செய்கிறேன்', அது பொய்யும் இல்லை. எப்படிச் செய்கிறார் என்று கேட்டபோதுதான் நோய் தானாக வெளியே வந்தது, தாடியில்லாமலே, அயர்ன் சட்டைக்குள்ளிருந்தே. அதற்கு ஐந்து நிமிடம்தான் கூடுதலாக ஆயிற்று. எல்லோருக்கும் அந்த ஐந்து நிமிடம் கிடைக்காது, எங்களுக்குக் கிடைத்தது அந்த டாக்டரின் சுபாவத்தால். இன்னொரு நாள், இன்னொரு மேசை என்றால் மனு எழுதுபவர் சொன்னதுதான் நடந்திருக்கும்.

அம்மா ஊரில் இல்லாவிட்டால்

போலிச் சான்றிதழ் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு கெடுபிடி என்பார்கள். இருக்கிறார்கள்தான், புரோக்கர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பொய் சொல்ல வருகிறவனுக்குத் தாடி வளர்ப்பதா கஷ்டம்? கண்ணுக்குத் தெரிவதை வைத்துத் தீர்மானிக்கும் சோதனை அவனைப் பிடிக்காது. அது பிடிப்பது எங்கள் மாதிரி வீட்டைத்தான். அம்மா நாள் முழுக்கப் பின்னாலேயே நின்று குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, மாத்திரையை விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்லி, அத்தனையும் செய்து ஒரு மனிதனைத் தெருவுக்கு அனுப்புகிறார். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அம்மாவின் உழைப்பு முழுக்கத் தம்பியின் திறமையாகத் தெரிகிறது. கவனிக்காமல் விட்ட வீட்டுக்கு மார்க் கூடுகிறது, கவனித்த வீட்டுக்குக் குறைகிறது.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. அம்மா ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு எங்களிடம் நிஜமான பதில் இருந்தது. அம்மா கண்புரை ஆபரேஷனுக்குப் புதுச்சேரி போயிருந்த சமயம் நான் வேலைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். தம்பி மாத்திரையைச் சாப்பிட்டேன் என்று சொல்லி ஜன்னல் இடுக்கில் போட்டுக்கொண்டிருந்தான், கட்டியிருந்த கைலியை மாற்றவே இல்லை, கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்கூட மனநோயை வரையறுக்கும்போது வாழ்க்கையின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் திறன் பற்றியும் பேசுகிறது. எங்கள் வீட்டில் அந்தத் திறன் இரண்டு உடம்பில் பாதி பாதியாக இருக்கிறது.

முகாமுக்குப் பிறகு தம்பி கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். கோபமாக எதுவும் பேசவில்லை. காலையில் சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவான். கேட்டால், "நான் சும்மாதானே உக்காந்துட்டு வரேன், இங்கயே உக்காந்துக்கறேன்" என்பான். நான் முகாமில் சொன்ன வார்த்தைதான். வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை யோசிக்கிறேன், எனக்கு வழி தெரியவில்லை. அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களை மட்டும் கேட்டிருக்கலாம், அதற்கு ஒரு அறையும் ஒரு கதவும் போதும். கடைசியில் மாமா வீட்டுக்கே வந்து, "மெஷினை யாரும் துடைக்கலப்பா, தூசியா கெடக்குது" என்று கூப்பிட்ட பிறகுதான் போனான். மாமாவிடம் நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சான்றிதழோடு கதை முடியவில்லை, உதவித்தொகைக்கு வருவாய்த் துறையில் தனி விண்ணப்பம். விஏஓ விசாரணைக்கு வீட்டுக்கு வந்தார். தம்பிதான் கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, ஃபேனைத் தட்டிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு அம்மாவிடம், "பையன் எங்கம்மா?" என்று கேட்டார். சிரிப்பதா என்ன செய்வதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக அவர் கையில் 50 என்று அச்சடித்த காகிதம் இருந்தது. இப்போது மாதம் 1500 ரூபாய் வருகிறது. 2023 ஜனவரிக்கு முன்பு 1000ஆக இருந்தது. கோரிமேடு போய்வர எங்கள் இரண்டு பேர் பஸ் செலவு போக, மீதி தம்பி கையில். அதில் பாதிக்கு மேல் டீக்குப் போகிறது, கடையில் எல்லோருக்கும் இவன்தான் வாங்கிக் கொடுக்கிறான் என்று மாமா சொல்கிறார்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தாடியை எடுங்கள், மாத்திரையைக் கொடுங்கள், ஒரு நோட்டுப் போட்டு ஒரு மாதத்துக்கு எழுதி வையுங்கள்: எதைச் சொல்லிச் செய்தார், எத்தனை தடவை சொல்லிச் செய்தார், எதைத் தப்பாகச் செய்தார். வார்டில் சேர்த்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டுகளை வருட வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள், நோய்க்கு எத்தனை வருடம் என்பதற்கு அதுதான் சாட்சி. வாயால் சொல்ல வேண்டாம், நோட்டை டாக்டரிடம் நீட்டிவிடுங்கள், உங்கள் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவர் காதில் விழாது. 40க்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள், 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு இடமிருக்கிறது. இப்போது சான்றிதழ் கொடுக்க அவர்களுக்கு ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம் அவகாசம் என்று 2024இல் விதியை மாற்றிவிட்டார்கள், ஆகவே புதுப்பிக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே கிளம்புங்கள்.

எங்கள் அட்டை வந்தபோது அம்மா அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். நான் சதவீதத்தைத்தான் பார்த்தேன். தம்பி வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் படித்துவிட்டு, "அக்கா, இனிஷியல் தப்பா இருக்கு" என்றான். ஆமாம், அப்பாவின் எழுத்துக்குப் பதில் வேறு எழுத்து. விஏஓவும் பார்க்கவில்லை, தாலுகா ஆபீஸிலும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. திருத்தம் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம், மனு எழுதும் பெரியவர்தான் எழுதிக் கொடுத்தார்.